அக்கா ஓய்வெடுத்த ஊர்கள்

விடுமுறை என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இரண்டு அர்த்தம் உண்டு. ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது ஓய்வு. இல்லத்தரசிக்கோ வேலை பார்க்கும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான்! ஊட்டியோ கொடைக்கானலோ, புளியோதரை கட்டுவதில் ஆரம்பித்து, திரும்பி வந்ததும் அழுக்குத் துணி மூட்டையைப் பிரிப்பது வரை எல்லாம் அவள் தலையில்தான்.

என் அக்காவையே எடுத்துக் கொள்ளுங்களேன். திருச்சியில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்துக்கு மூத்த மருமகளாகப் போனவள். மாமனார், மாமியார், மூன்று கொழுந்தனார்கள், அவர்கள் குழந்தைகள் என்று நாற்பது வருஷம் அடுப்படியே கதி. அறுபதாவது வயதில் ரத்தக் கொதிப்பு வந்தது. "மாத்திரை நான் தர்றேன். ஓய்வு நீங்கதாம்மா எடுத்துக்கணும்" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அக்கா என்னிடம், "ஓய்வுன்னா என்னடி பண்ணணும்?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

நான் அப்போதுதான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். "நீ கூட்டிட்டுப் போனா வருவா. என்கூட வந்தா எனக்குக் காப்பி போட்டுக் கொடுக்கத்தான் பார்ப்பா" என்றார் அத்தான், நியாயமாக. 2015-க்கும் 2023-க்கும் நடுவில் நாங்கள் இருவரும் நான்கு தடவை வெளிநாடு போய் வந்தோம். ஒரு ஊரில் எதையெல்லாம் பார்க்கலாம் என்று சொல்ல எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு பெண் அங்கே எப்படி இளைப்பாறலாம் என்று யாரும் எழுதக் காணோம். ஆகவே, அக்காவின் முகத்தைப் பார்த்து நான் தெரிந்து கொண்டதை இங்கே சொல்கிறேன்.

பினாங்கு: அடுப்புக்கு லீவு

முதல் பிரயாணத்துக்கு மலேசியாவின் பினாங்குத் தீவைத் தேர்ந்தெடுத்தோம். பாஷை தெரியாத ஊரென்றால் அக்கா மிரண்டு விடுவாள் என்று பயம். ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியா பகுதியில் காலை வைத்தால் பூக்கடை, மளிகைக் கடை, துணிக்கடை எல்லாவற்றிலும் தமிழ்தான். குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. யுனெஸ்கோ 2008-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த நகரம் என்பதால், பழைய சீனக் கடை வீடுகளை இன்றும் அழகாக வைத்திருக்கிறார்கள்.

அக்காவின் பெட்டியில் ரைஸ் குக்கர், இரண்டு கிலோ அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் இருந்தன! முதல் நாள் சாயங்காலம் அவளை வற்புறுத்தி, கடற்கரைச் சாலையிலுள்ள தள்ளுவண்டிச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அழைத்துப் போனேன். ரொட்டி சானாய் என்று நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி. தொட்டுக் கொள்ளப் பருப்பு. தேங்காய்ப் பாலும் பனை வெல்லப் பாகும் விட்டு, பச்சை நிறத்தில் சேமியா போன்ற அரிசி மாவுத் துண்டுகள் மிதக்கும் 'செண்டோல்' ஒரு கிண்ணம். வெயிலுக்கு அமிர்தம்!

பக்கத்து மேஜையில் இரண்டு குழந்தைகளோடு ஒரு தமிழ்ப் பெண். அக்கா சும்மா இருப்பாளா? "வீட்ல சமைக்கலையாம்மா?" என்று கேட்டு விட்டாள். "வேலை விட்டு வந்து யாருக்கா ஆக்குறது? வாரத்துல மூணு நாள் இங்கதான்" என்று சிரித்தாள் அந்தப் பெண். அதில் குற்ற உணர்ச்சி துளிக்கூட இல்லை. அவள் கணவர் பாட்டுக்குக் குழந்தைக்கு ஊட்டிக் கொண்டிருந்தார்.

ராத்திரி அறைக்கு வந்ததும் அக்கா கொஞ்ச நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். "கழுவ ஒரு பாத்திரம் இல்லியேடி, கை என்னமோ பண்ணுது" என்றாள். ஐந்து நாளும் ரைஸ் குக்கர் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. கடைசி நாள் இழுவை ரயிலில் 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலைக்குப் போனபோது, குளிர்ந்த காற்றில் அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அதுவே எனக்குப் பெரிய வெற்றி.

இஸ்தான்புல்: முதுகு தேய்த்து விட ஒரு கை

2018-ல் துருக்கி. இஸ்தான்புல் நகரின் ஒரு பாதி ஐரோப்பாவில், மறு பாதி ஆசியாவில். நடுவிலே பாஸ்பரஸ் ஜலசந்தி. பஸ்ஸில் ஏறுவது போலப் படகில் ஏறி, சுமார் இருபது நிமிஷத்தில் கண்டம் விட்டுக் கண்டம் போய் விடுகிறார்கள். எள் தூவிய வளைய ரொட்டி ஒன்றும், பால் விடாத தேநீர் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையிலும் வாங்கிக் கொண்டு மேல்தளத்தில் உட்கார்ந்தால், கடற்பறவைகள் கூடவே பறந்து வரும்.

ஆனால் நான் சொல்ல வந்தது 'ஹமாம்' என்னும் குளியல் மண்டபத்தைப் பற்றி. துருக்கியச் சிற்பி சினான் வடிவமைத்து, சுல்தானின் தாயார் நூர்பானு கட்டுவித்த செம்பர்லிதாஷ் ஹமாம் 1584-ம் வருஷத்துக் கட்டடம் என்றால் பாருங்கள்! பழைய ஹமாம்களில் பெண்களுக்குத் தனிப் பகுதியோ தனி நேரமோ உண்டு; பணிவிடை செய்வதும் பெண்களே. அந்தக் காலத்தில் மாமியார்கள் பிள்ளைக்குப் பெண் பார்க்கவே ஹமாமுக்குப் போவார்களாம்!

நாங்கள் போனது ஒரு சின்ன ஹமாம். மேலே குவிமாடம். அதிலுள்ள வட்ட வட்டமான துவாரங்கள் வழியாக வெளிச்சம் நட்சத்திரம் போல விழுகிறது. நடுவில் அடியிலிருந்து சூடேற்றிய பெரிய பளிங்கு மேடை. அதில் படுத்துக் கொண்டால் பதினைந்து நிமிஷத்தில் உடம்பு வியர்த்து இளகி விடும். பிறகு ஒரு அம்மாள் வந்து, சொரசொரப்பான கையுறையைப் போட்டுக் கொண்டு, நாம் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பது போலத் தலை முதல் கால் வரை தேய்க்கிறாள். அழுக்குத் திரித் திரியாக வருகிறது! அப்புறம் சோப்பு நுரையை மலை போலக் கொட்டி, கிண்ணத்தால் வெந்நீர் மொண்டு ஊற்றித் தலைமுடியை அலசி விடுகிறாள்.

அக்கா கண்ணை மூடிக் கொண்டிருந்தாள். வெளியே வந்து துண்டைப் போர்த்திக் கொண்டு தேநீர் குடிக்கும்போது மெல்லச் சொன்னாள்: "அம்மா எண்ணெய் தேச்சு விட்டதுக்கப்புறம் இன்னிக்குத்தான்டி என் முதுகுல இன்னொருத்தர் கை பட்டிருக்கு."

வீட்டில் எத்தனை பேருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறாள் அவள்! நமக்கு ஒருவர் செய்து விட வேண்டும் என்று நமக்கே தோன்றுவதில்லை.

ரோம்: தண்ணீர் குடியுங்கள், பயப்படாதீர்கள்

2019 ஜூலையில் இத்தாலி போனோம். ரோமில் அப்போது நம் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைக்காத வெயில். பிரயாணத்தில் நம் பெண்கள் செய்கிற ஒரு காரியத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். கழிவறைக்கு எங்கே போவது என்ற பயத்தில் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சிறுநீரை வேறு அடக்கிக் கொள்வார்கள். நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், தலைவலி என்று ஊர் திரும்புவதற்கு இதுவே காரணம்.

ரோம் நகரம் இந்த விஷயத்தில் தாராளம். 1874 முதல் தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்த் தூண்கள் வைத்திருக்கிறார்கள். நகரம் முழுவதிலும் இரண்டாயிரத்துக்கு மேல் உண்டு. மூக்கு மாதிரி வளைந்த குழாய் என்பதால் 'நசோனி', அதாவது பெரிய மூக்கு என்று பெயர். குடிக்கத் தகுந்த குளிர்ந்த நீர், காசு கிடையாது. குழாய் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சின்னத் துளை வழியாக நீர் பீச்சி அடிக்கும். குனியாமல் குடிக்கலாம். அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப் போய், தாகம் இல்லாதபோதுகூடக் குடித்தாள்!

கழிவறைக்கும் வழி உண்டு. ஐரோப்பாவில் பல இடங்களில் இதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். சில்லறை கையில் இருக்கட்டும். காப்பிக் கடையில் ஒரு காப்பி வாங்கிக் குடித்து விட்டு, அங்கேயே போய் வருவதும் வழக்கம்தான். இன்னொன்று: ஸ்பானிஷ் படிகளில் உட்கார்ந்து இளைப்பாறலாம் என்று நினைக்காதீர்கள். 2019-லிருந்து அங்கே உட்காரத் தடை, அபராதம் போடுவார்கள்.

வெங்கன்: நம் கால் சொல்வதே கணக்கு

ரோமிலிருந்து ரயிலில் மிலான் வழியாக ஸ்விட்சர்லாந்து. லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் மேலே, மலைத் தோளில் வெங்கன் என்று ஒரு கிராமம். மலை ரயிலில்தான் போக வேண்டும். வெளியூர்க் கார்கள் அங்கே ஏற முடியாது. புகையில்லை, ஹாரன் இல்லை. காலையில் மாட்டு மணிச் சத்தத்தில் கண் விழிக்கிறோம்.

அங்கே வருகிற நம்மவர்கள் எல்லோரும் 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃப்ராவ் பனிச் சிகரத்து ரயில் நிலையத்துக்குப் போகிறார்கள். 1912-ல் திறந்த ரயில் பாதை, பெரிய அதிசயம்தான். ஆனால் அந்த உயரத்தில் காற்று மெலிந்து விடும். ரத்தக் கொதிப்பு, இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. "வேண்டாம்டி. பார்க்காட்டி ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டேன்" என்று அக்கா தானாகவே சொல்லி விட்டாள். எல்லோரும் பார்த்ததை நாமும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவளை விட்டுப் போயிருந்தது.

அதற்குப் பதிலாகக் கம்பி வட வண்டியில் மென்லிஷன் என்ற இடத்துக்கு ஏறி, அங்கிருந்து கிளைன ஷைடெக் வரை நடந்தோம். நாலரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெரும்பாலும் சமதளம், கொஞ்சம் இறக்கம். எதிரே மூன்று பனிச் சிகரங்கள். ஸ்விஸ் நடைபாதைகளில் உள்ள மஞ்சள் பலகைகளில் கிலோமீட்டரைப் போடாமல், நடக்க ஆகும் நேரத்தைப் போடுகிறார்கள். அந்தப் பாதைக்கு ஒன்றரை மணி என்று கணக்கு. அக்காவுக்கு மூன்று மணி ஆயிற்று. பெஞ்சு கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தோம். எங்களைத் தாண்டிப் போன வெள்ளைக்காரப் பாட்டிகள் ஊன்றுகோலை உயர்த்தி வணக்கம் சொன்னார்கள். அவர்களில் சிலருக்கு எண்பது வயதிருக்கும்.

பெப்பு: வெந்நீர் ஊற்றில் வெட்கம் கரைந்தது

நான்காவது பிரயாணம் 2023-ல், ஜப்பானின் கியூஷு தீவிலுள்ள பெப்புவுக்கு. ஊர் முழுக்கத் தரையிலிருந்து ஆவி கிளம்புகிறது! ஃபுகுவோகா நகரிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்.

'ஒன்சென்' என்கிற வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குக் கண்டிப்பான முறைகள் உண்டு. ஆண், பெண் தனித்தனி. முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து விட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். கூந்தல் தண்ணீரில் படக் கூடாது. கைத்துண்டையும் தண்ணீரில் முக்கக் கூடாது. தலையில் வைத்துக் கொள்கிறார்கள். உடம்பில் பொட்டுத் துணி கூடாது!

இதைக் கேட்டதும் அக்கா, "நான் வரலை" என்று உட்கார்ந்து விட்டாள். வெட்கம் மட்டும் காரணமில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன தழும்பை முப்பது வருஷமாக மறைத்தே பழகியவள் அவள். எட்டிப் பார்க்கலாம் வா என்று உடை மாற்றும் அறை வரை அழைத்துப் போனேன். உள்ளே கூன் விழுந்த பாட்டிகள், பிள்ளை பெற்ற வயிற்றோடு இளம் தாய்மார்கள், மார்பில் ஒரு பக்கம் ஆபரேஷன் ஆன ஒரு அம்மாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை; யாரும் எதையும் மறைக்கவுமில்லை. ஐந்து நிமிஷம் நின்று பார்த்த அக்கா, பேசாமல் புடவையை அவிழ்த்து மடித்துக் கூடையில் வைத்தாள்.

சைவர்களுக்கும் பெப்பு சௌகரியமான ஊர். கன்னாவா பகுதியில் பூமியிலிருந்து வரும் ஆவியிலேயே வள்ளிக்கிழங்கு, பூசணி, சோளம் எல்லாம் நாமே வேக வைத்துச் சாப்பிடலாம். "அடுப்பு பத்த வைக்காமலே வேகுதே!" என்று அக்காவுக்கு ஒரே ஆச்சரியம்.

வெந்நீரில் பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்க வேண்டாம். சாப்பிட்டவுடன் இறங்காதீர்கள். ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுக் கொள்வது அவசியம். மெல்ல எழுந்து வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள்.

கிளம்புமுன் சில குறிப்புகள்

தினசரி மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் வேண்டாம்.

நீண்ட விமானப் பயணத்தில் கால் நரம்பில் ரத்தம் கட்டிக் கொள்ளும் அபாயம் உண்டு. அவ்வப்போது எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுங்கள்.

புதுச் செருப்போடு கிளம்பாதீர்கள். பழகிய செருப்பே காலுக்கு நண்பன்.

ஒரு ஊரில் குறைந்தது மூன்று ராத்திரி தங்குங்கள். பத்து நாளில் ஏழு தேசம் என்றால் பஸ் ஜன்னல்தான் மிஞ்சும். நடுவில் ஒரு நாளை ஒரு திட்டமும் இல்லாமல் விடுங்கள்.

திரும்பி வந்ததும் அழுக்குத் துணி யார் பொறுப்பு என்பதைக் கிளம்புமுன்னே வீட்டாரோடு பேசி முடிவு செய்து விடுங்கள்!

கடைசியாக ஒரு வார்த்தை. வெளிநாடு போக எல்லோருக்கும் வசதி இருக்காது. அக்காவுக்கும் இனி அலைய உடம்பு இடம் கொடுக்காது, மாத்திரையும் நிற்கவில்லை. ஆனால் இப்போது அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுப்பு எரிவதில்லை. அன்றைக்குத் தோசை வார்ப்பது அத்தான். சனிக்கிழமை காலையில் மருமகள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்கிறாள். மாமியாருக்கு அவள் தேய்த்து விட, பிறகு அவளுக்கு மாமியார் தேய்த்து விடுகிறாள். இதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம், சகோதரிகளே!