நிற்கும் ஆடு நலமான ஆடா?

தோட்டப்புறங்களில் பால்வெட்டுத் தொழிலோடு நாலைந்து ஆடுகளையும் வளர்ப்போர் பலர். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் அவசரத் தேவைக்கும் அவையே கைம்முதல். அத்தகைய ஆட்டை நாய்கள் கடித்துவிட்டால், ‘எழுந்து நிற்கிறதே, பிழைத்துக்கொள்ளும்’ என்று நாம் ஆறுதல் அடைகிறோம். ஆனால், சில மணி நேரத்தில் அது சாய்ந்து மடிந்துவிடுவதும் உண்டு. காரணம் என்ன?

இரத்தம் குறையும்போது, உடலானது தோலுக்கும் கால்களுக்கும் செல்லும் இரத்தத்தைச் சுருக்கி, மூளையையும் இதயத்தையும் காக்க முயல்கிறது. இதயமும் விரைந்து துடிக்கிறது. அதனாலேயே ஆடு சிறிது நேரம் நிற்கிறது. அம்முயற்சி தோற்றதும் இரத்தவோட்டம் தளர்ந்து உறுப்புகள் செயலிழக்கின்றன. மருத்துவர்கள் இதனை ‘அதிர்ச்சி நிலை’ என்பர். இது வெறும் அச்சமன்று.

30 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் ஏறக்குறைய 2 லிட்டர் இரத்தமே உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது மூன்று தேநீர்க் கோப்பை அளவை, விரைவில் இழந்தால் உயிருக்கே ஆபத்து. கடிவாய் சிறிதாயினும் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

இந்நிலையை அறிவது எவ்வாறு? கீழ் இமையைத் தாழ்த்தி உட்புறத்தைப் பாருங்கள். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்திருக்கும். குடற்புழுவாலும் அது வெளுக்கும். ஆகவே, ஆடு நலமாயிருக்கும் நாளிலேயே அந்நிறத்தைப் பார்த்து வைத்தல் நன்று. காதுகளும் கால்களும் குளிர்ந்திருக்கும். பின்தொடையின் உட்புறத்தில் விரல் வைத்துப் பார்த்தால், நாடி நிமிடத்துக்கு 70 முதல் 90 என்னும் இயல்பான அளவைக் கடந்து, மெலிந்து ஓடும்.

உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். அவர் வரும்வரை, சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து விடாது அழுத்துங்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே மற்றொன்றை வையுங்கள். எடுத்து எடுத்துப் பார்த்தல் கூடாது. ஆட்டை நெஞ்சு தரையில் படியுமாறு படுக்கவைத்து, உலர்ந்த சாக்கினால் போர்த்துங்கள். தண்ணீரையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் புகுந்துவிடும். நாயின் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருக்கக்கூடுமாதலால், கையுறை அணிந்து, பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகளை நன்கு கழுவுங்கள்.

மருத்துவர் இரத்தக் குழாய் வழியாக உப்புநீர் ஏற்றி, வலிக்கும் கிருமித் தொற்றுக்கும் மருந்து கொடுப்பார். ஆடு சாய்ந்தபின் அழைப்பதைவிட, நிற்கும்போதே அழைப்பது பயன் தரும். ஆகவே, கால்களைக் கண்டு ஆறுதல் அடையாது, முதலில் கண்ணிமையைப் பார்ப்போமாக!