உடம்பில் கால்வாசி... காலில்!

பஸ் ஸ்டாப்புக்கு விறுவிறுவென்று நடக்கிறீர்களே... கீழே என்ன நடக்கிறது, தெரியுமா?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டிலும் 52. உடம்பின் மொத்த எலும்புகளில் கால்வாசி, காலடியிலேயே!

குதிகால் தரையைத் தொட்டதும் பாதம் தளர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அப்புறம் குதிகால் எழும்பி, கட்டைவிரல் மடங்கும்போது, உள்ளங்காலில் ஓடும் நார்ப்பட்டை ராட்டினத்தில் சுற்றிய கயிறு மாதிரி இறுகும். பாத வளைவு உயரும். தளர்ந்த பாதம் கெட்டியான நெம்புகோலாகி உங்களை முன்னே தள்ளும். 1954-ல் ஹிக்ஸ் என்பவர் விளக்கிய சூட்சுமம் இது.

காலையில் முதல் அடி வைத்ததும் குதிகாலில் 'சுரீர்' என்கிறதா? பெரும்பாலும் அந்தப் பட்டையின் புகார்தான். எழுவதற்கு முன் கால்விரல்களைக் கையால் மெள்ளப் பின்னுக்கு இழுத்து விடுங்கள். வலி நீடித்தால் டாக்டரிடம் போங்கள்.

தேய்ந்த செருப்பை, 'இன்னும் ஒரு மாசம் ஓடும் சார்' என்று இழுக்காதீர்கள். செருப்புக்கு மாற்று ஜோடி கடையில் கிடைக்கும். பாதத்துக்கு..?