நோயாளியின் வாய்மொழி

நோயுற்றோரைச் சந்தித்துத் திடப்படுத்துவது குருவின் கடமைகளுள் ஒன்று. சென்ற தவக்காலத்தில், நம் பங்கைச் சேர்ந்த முதிய தாய் ஒருவருக்கு நற்கருணை வழங்க மருத்துவமனை ஒன்றிற்குச் சென்றிருந்தேன். அவ்வேளை, பணிப்பெண் ஒருத்தி கையில் தாளுடன் வந்து, "பாட்டி, இங்கே எல்லாம் திருப்திதானே?" என்று வினவினாள். "ஒரு குறையும் இல்லை தாயீ" என்றார் மூதாட்டி. தாளில் ஒரு குறி விழுந்தது. அவள் அகன்றதும் அத்தாய் என் கையைப் பற்றிக்கொண்டு, "சாமி, நாளைக்கு ஆபரேஷனாம். எதுக்குன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லலை. கேக்கவும் பயமா இருக்குது" என்று கண் கலங்கினார்.

தாளில் விழுந்த குறி உண்மையன்று. எனினும் அத்தாயைப் பொய்யுரைத்தவர் என்று யார் கூறுவர்? கட்டிலில் கிடப்பவர் தம்மைக் கவனிப்போரின் தயவில் வாழ்கின்றார். அவரிடம் "திருப்திதானே?" என்று கேட்டால், "ஆம்" என்பதன்றி வேறு விடை எவ்வாறு வரும்?

இவ்வுண்மையை ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் அமெரிக்க நாட்டவரான ஹார்வி பிக்கர், அவர்தம் துணைவியார் ஜீன் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். எக்ஸ்ரே கருவிகள் செய்யும் நிறுவனத்தை நடத்தியவர் ஹார்வி. துணைவியார் நெடுநாள் நோயால் வருந்தினார். கருவிகளும் மருந்துகளும் வியக்கத்தக்க வளர்ச்சி பெற்றிருந்தும், நோயாளியின் அச்சத்திற்கும் விருப்பத்திற்கும் செவிகொடுப்பார் இல்லை என்பதை இருவரும் கண்டுணர்ந்தனர். ஆதலால் 1986-ஆம் ஆண்டில் தங்கள் பெயரால் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தினர். அதன் ஆய்வாளர்கள் நோயாளிகளிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் உரையாடி, அவர்கள் பெரிதெனக் கருதுபவை யாவை என்று கண்டறிந்தனர். தம் விருப்பம் மதிக்கப்படுதல், விளங்கும் மொழியில் செய்தி கூறப்படுதல், வலி தணிக்கப்படுதல், மனத்திற்கு ஆறுதல் கிடைத்தல், குடும்பத்தார்க்கு இடமளிக்கப்படுதல், வீடு திரும்பிய பின்னும் கவனிப்புத் தொடர்தல் முதலியனவே அவை.

அவர்கள் கண்ட மற்றொரு நுட்பமும் உண்டு. "திருப்தியா?" என்று கேளாமல், "நடந்தது என்ன?" என்று கேட்க வேண்டும் என்பதே அது. முந்தையது முகத்தாட்சணியத்திற்கு இடம் தருவது; பிந்தையது செயலைச் சுட்டுவது.

அமெரிக்க அரசு 2006-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் பொதுவானதொரு வினாத்தாளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் 27 வினாக்கள் இருந்தன. செவிலியர் உம்மை மரியாதையுடன் நடத்தினார்களா? மருத்துவர் நீர் கூறியதைக் கவனமாகக் கேட்டாரா? உமக்கு விளங்கும் வகையில் எடுத்துரைத்தாரா? இவை போன்றவற்றிற்கு ஒருபோதும் இல்லை, சில வேளை, பெரும்பாலும், எப்போதும் என்னும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளி வீடு திரும்பிய பின்னரே வினாத்தாள் அனுப்பப்பட்டது. விடை இவ்வாறு அமைய வேண்டும் என்று மருத்துவமனையார் தூண்டுவதும் தடை செய்யப்பட்டது. 2008 முதல் ஒவ்வொரு மருத்துவமனையின் முடிவும் மக்கள் அறிய வெளியிடப்பட்டது. 2012 முதல் அரசு வழங்கும் கட்டணத்தின் ஒரு பகுதியும் இம்முடிவுகளோடு பிணைக்கப்பட்டது.

ஆயினும் அளவுகோலே தெய்வமாகிவிடலாகாது. நோயாளியின் வலி எவ்வளவு தணிக்கப்பட்டது என்னும் வினாவும் அத்தாளில் இருந்தது. நல்ல மதிப்பெண் வேண்டிக் கடுமையான வலிமருந்துகளை மிகுதியாகக் கொடுக்க மருத்துவர்கள் தூண்டப்படுவர் என்ற அச்சம் எழவே, கட்டணத்தைக் கணக்கிடுவதிலிருந்து அவ்வினாவை 2018-இல் நீக்கினர். மேலும், இறந்தவர் விடை எழுதுவதில்லை. நினைவிழந்தவரும் எழுத்தறியாதவரும் எளிதில் எழுத இயலாது. எவருடைய குரல் எண்ணிக்கையில் சேரவில்லையோ, அவரே பெரும்பாலும் மிகுந்த துன்புற்றவராயிருப்பர்.

நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டில் நடுவண் அரசு, 'எனது மருத்துவமனை' என்று பொருள்படும் 'மேரா அஸ்பதால்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, கைபேசி வாயிலாக நோயாளியின் கருத்தைக் கேட்க வழிசெய்தது. இத்தகைய வாய்ப்புக் கிடைக்கும்போது நாம் அஞ்சியோ சலித்தோ ஒதுங்கலாகாது. நமக்குப் பின் அதே கட்டிலில் படுக்கப்போகும் ஏழைக்கு நாம் செய்யும் பிறரன்புப் பணி அது. குறையைப் பணிவுடன் உள்ளபடி கூறுவோம். நன்மை செய்தவரையும் மறவாது குறிப்பிடுவோம்.

இதில் விசுவாசிகளாகிய நமக்குப் புதுமை ஒன்றுமில்லை. எரிகோ நகரின் வழியோரத்தில் பார்வையற்ற பர்த்திமேயு கூவியழைத்தபோது, அவனுக்கு வேண்டியது இன்னதென்று ஆண்டவர் அறியாரா? அறிந்திருந்தும், தாம் அவனுக்கு என்ன செய்ய வேண்டுமென விரும்புகிறான் என்று அவனையே வினவினார். பார்வை தருமுன் அவனுக்குப் பேசும் உரிமையைத் தந்தார். நோயாளிகளின் பாதுகாவலராகிய புனித கமில்லுஸ், தன் ஒரே பிள்ளை நோயுற்றால் தாய் எவ்வாறு பேணுவாளோ அவ்வாறே நோயாளியைப் பேண வேண்டும் என்று தம் சபையாருக்கு விதித்தார். தாய் பிள்ளையிடம் "திருப்திதானே?" என்று கேட்பதில்லை, "எங்கே வலிக்கிறது?" என்றே கேட்கிறாள்.

அன்புள்ள பெற்றோரே, பிள்ளைகளே! நம் இல்லங்களிலும் நோயுற்ற முதியோர் உளர். வேளைக்கு மருந்து கொடுத்துவிட்டதாலேயே கடமை முடிந்ததெனக் கருதுகிறோம். இன்றிரவு செபமாலை முடிந்ததும் அவர்கள் அருகில் சிறிது நேரம் அமருங்கள். நேற்றிரவு உறங்கினீர்களா, எதற்கு அஞ்சுகிறீர்கள், நாங்கள் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். விடை வரும்வரை எழுந்துவிடாதீர்கள்.

அன்று அத்தாயின் கலக்கத்தைப் பொறுப்பிலிருந்த செவிலியரிடம் தெரிவித்தேன். அவர் உடனே வந்து கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, ஒரு தாளில் பித்தப்பையைப் படமாக வரைந்து, அதிலுள்ள கல்லையே அகற்றப்போவதாகப் பொறுமையுடன் விளக்கினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "இவ்வளவுதானா, தாயீ!" என்று மூதாட்டி சிரித்தார். அதன் பின்னரே அவரால் அமைதியாக நற்கருணை வாங்க முடிந்தது.