மோதாமலே மோதும் கார்

சோளிங்கரில் உள்ள பிரேக்ஸ் இந்தியா வார்ப்பட ஆலையில் வாகன பிரேக்குகளுக்கான இரும்புப் பாகங்கள் வார்க்கப்படுகின்றன. ஓடும் வண்டியை நிறுத்துவது பிரேக்கின் வேலை. பிரேக் போட அவகாசமின்றிக் கார் எதிலாவது மோதிவிட்டால்? அப்போது பயணிகளைக் காக்க வேண்டியது காரின் உடற்கூடு.

அப்படியானால் கூடு முழுவதும் நசுங்காத இரும்பாக இருப்பதுதானே நல்லது என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 64 கி.மீ. என்பது வினாடிக்கு ஏறத்தாழ 17.8 மீட்டர். இதன் வர்க்கத்தை, நிற்கும் தொலைவின் இரு மடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும். கார் 10 செ.மீ. தொலைவில் நின்றால், அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 160 மடங்கு! முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி நின்றால் சுமார் 27 மடங்குதான். ஆகவே முன்பகுதி நசுங்க வேண்டும். பயணிகள் அமரும் அறை நசுங்கக்கூடாது.

இனி ஒரு சோதனை. ஒரு தாளைச் செங்குத்தாக நிறுத்துங்கள்; சாய்ந்துவிடும். அதையே குழலாகச் சுருட்டி ஒட்டினால் நோட்டுப் புத்தகத்தைத் தாங்கும். தாள் அதேதான், வடிவம்தான் மாறியது. மேலும் எடை ஏற்றினால் குழல் எந்த இடத்தில் முதலில் மடியும்? சொல்வது கடினம், அல்லவா?

நூற்றுக்கணக்கான தகடுகள் சேர்ந்த காரில் இதைக் கணிப்பொறி சொல்கிறது. உடற்கூட்டைச் சில மில்லிமீட்டர் அளவுள்ள பல லட்சம் கூறுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கூறின் மீதும் செயல்படும் விசை எவ்வளவு? நியூட்டனின் இரண்டாம் விதிப்படி அதன் மூலைகள் எங்கே நகரும்? அதனால் தகடு எவ்வளவு வளையும்? இப்படிக் கணக்கிட்டு, வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் முன்னே சென்று மீண்டும் கணக்கிடுகிறது. மோதலின் 0.1 வினாடியைக் கடக்க ஒரு லட்சம் படிகள்! 1986இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் போலோ காருக்கு இவ்வாறு கணக்கிட்டபோது சுமார் 5,500 கூறுகளே இருந்தன.

தகட்டின் தடிமனைத் தவறாகக் கொடுத்தால் விடையும் தவறாகிவிடும். எனவே இறுதியில் உண்மையான காரையே மோதவிடுகிறார்கள். சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் இதற்கு வசதி உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கிய ‘பாரத் என்கேப்’ திட்டத்தில், நாம் கணக்கிட்ட அதே 64 கி.மீ. வேகத்தில், முன்புறத்தின் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படுமாறு காரை மோதவைத்து மதிப்பிடுகிறார்கள்.

ஒன்றை மறவாதீர்கள். முன்பகுதி நசுங்குவதன் பயன், இருக்கை வார் அணிந்து காரோடு பிணைந்திருப்பவருக்கே முழுமையாகக் கிட்டும். அணியாதவரோ, கார் நின்ற பிறகும் அதே வேகத்தில் முன்னே செல்வார்.