வகுப்பறையில் தாய்மொழி

நுழையும்முன்

பெரும்பான்மையினர் பேசும் மொழிக்கு ஆட்சியும் அங்காடியும் துணைநிற்கின்றன. அவர்களுக்கு அருகில் வாழும் சிறிய மொழிக் குழுவினர்க்கு வீடும் வகுப்பறையுமே துணை. வகுப்பறையையும் இழந்தால் அவர்தம் மொழி, எழுத்தையும் நூலையும் இழந்து வீட்டுப் பேச்சாகச் சுருங்கிவிடும். மொழிச் சிறுபான்மையினரின் கல்வி உரிமை எவ்வாறு உருப்பெற்றது, அது எப்போது நடைமுறையில் நிறைவேறுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மொழிச் சிறுபான்மையினர் யாவர்?

ஓர் ஆட்சிப் பரப்பில், பெரும்பான்மையினரின் தாய்மொழியிலிருந்து வேறுபட்ட தாய்மொழியை உடையோர் மொழிச் சிறுபான்மையினர் ஆவர். இந்தியாவில் இதனைக் கணக்கிடுவதற்கு மாநிலமே அலகு என்பதை, 2002ஆம் ஆண்டு டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் உச்சநீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவுபடுத்தியது. அம்மொழிக்குத் தனி எழுத்துவடிவம் இருக்கவேண்டும் என்பதில்லை. தனிப் பேச்சுமொழியாக இருப்பதே போதும் என்று 1971ஆம் ஆண்டு டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் அந்நீதிமன்றம் கூறியிருந்தது.

இவ்வளவையின்படி ஒசூரில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர், மதுரையில் சௌராட்டிரம் பேசுவோர், ஆம்பூரில் உருது பேசுவோர் ஆகியோர் தமிழ்நாட்டின் மொழிச் சிறுபான்மையினர். கேரளத்தின் தேவிகுளத்திலும் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலிலும் வாழும் தமிழரோ அம்மாநிலங்களின் மொழிச் சிறுபான்மையினர். எனவே, சிறுபான்மை என்பது ஒரு மொழியின் இயல்பன்று; அது வழங்கும் இடத்தைப் பொறுத்தது.

சமமான விதி, சமமற்ற விளைவு

'அனைவர்க்கும் ஒரே விதி இருக்கும்போது சிறுபான்மையினர்க்குத் தனி உரிமை எதற்கு?' என்னும் வினா எழுவது இயல்பே. இவ்வினாவிற்கு ஐரோப்பிய வழக்கொன்று விடை தருகிறது. தன் நாட்டுச் சிறுபான்மையினர் தம் சொந்தச் செலவில் பள்ளிகளை நடத்தித் தம் மொழியைப் பயன்படுத்தலாம் என்று அல்பேனியா 1921இல் பன்னாட்டுச் சங்கத்திடம் உறுதியளித்தது. பின்னர், 1933இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி, தனியார் பள்ளிகள் அனைத்தையும் ஒழித்தது. கிரேக்க மொழியினரின் பள்ளிகளும் அவற்றுள் அடங்கின. எல்லாருடைய பள்ளிகளையும் மூடியதால் எவரையும் வேறுபடுத்தவில்லை என்பது அவ்வரசின் வாதம்.

நிலையான பன்னாட்டு நீதிமன்றம் 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அளித்த கருத்துரையில் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தனியார் பள்ளி மூடப்பட்டாலும் பெரும்பான்மையினரின் குழந்தைக்கு அதன் மொழியிலேயே அரசுப் பள்ளி உண்டு. சிறுபான்மையினரின் குழந்தைக்கோ வேறு பள்ளி இல்லை. ஆகவே, சட்டத்தில் சமம் என்பது மட்டும் போதாது, வாழ்விலும் சமம் வேண்டும் என்பது அந்நீதிமன்றம் நிலைநிறுத்திய கோட்பாடு.

இந்திய அரசியலமைப்பின் உறுதி

அக்கோட்பாட்டை ஒத்த நோக்கத்தை இந்திய அரசியலமைப்பிலும் காணலாம். தமக்கெனத் தனி மொழி, எழுத்து, பண்பாடு ஆகியவற்றுள் ஒன்றை உடைய குடிமக்கள் அதனைப் பாதுகாக்கும் உரிமையைச் சட்டப்பிரிவு 29 வழங்குகிறது. சமய, மொழிச் சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தலாம் என்கிறது பிரிவு 30.

மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்ட 1956ஆம் ஆண்டில், ஏழாவது திருத்தத்தின் வழியாகப் பிரிவு 350-அ சேர்க்கப்பட்டது. எல்லைகளை எவ்வளவு கவனமாக வரைந்தாலும் ஒரு மொழியினர் அனைவரையும் ஒரே மாநிலத்துக்குள் அடக்க இயலாது. எனவே, சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்வி அளிக்கப் போதிய வசதி செய்ய முயல்வது மாநில அரசு, உள்ளாட்சி அமைப்பு ஆகியவற்றின் பொறுப்பாயிற்று.

நாற்பதும் பத்தும்

இப்பொறுப்பை நிறைவேற்ற ஓர் அளவுகோலும் வேண்டும். 1949ஆம் ஆண்டு மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு அதனை வகுத்தது. ஒரு பள்ளியில் 40 மாணவரோ ஒரு வகுப்பில் 10 மாணவரோ ஒரு சிறுபான்மை மொழியைப் பேசுவோராயின், அம்மொழியில் கற்பிக்கக் குறைந்தது ஓர் ஆசிரியரை நியமிக்கவேண்டும் என்பதே அது.

இவ்வளவுகோலின் வலிமையும் மென்மையும் எண்ணிக்கையிலேயே உள்ளன. ஓய்வுபெற்ற ஆசிரியரின் இடம் நிரப்பப்படாமலோ பாடநூல் காலந்தாழ்ந்து வந்தாலோ பெற்றோர் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவர். மாணவர் தொகை குறையும். தொகை குறைந்ததைக் காரணங்காட்டி ஆசிரியர் பணியிடமே நீக்கப்படலாம். உரிமை ஏட்டில் அப்படியே இருக்க, வகுப்பு மட்டும் மறைந்துவிடும். சட்டம் தந்த உரிமைக்கு உயிர் கொடுப்பவை ஆசிரியரும் பாடநூலும் ஆகும்.

இரு மொழிகளுக்கும் இடம்

எழுதப் படிக்கத் தொடங்கும் குழந்தை, தான் அறிந்த சொல்லின் ஒலியை எழுத்தோடு இணைத்துப் பார்க்கிறது. சொல்லும் அறியாததாயின் மொழி, எழுத்து என்னும் இரு சுமைகள் ஒருங்கே சேர்கின்றன. இதனை உணர்ந்த ஒடிசா அரசு, 2006–07ஆம் கல்வியாண்டில் 10 பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியது. அவற்றுள் கூயி, கூவி, கோயா ஆகியவை தமிழோடு உறவுடைய திராவிட மொழிகள். குழந்தை முதலில் தாய்மொழியில் கற்று, படிப்படியாக ஒடியாவையும் கற்பதே இத்திட்டத்தின் போக்கு.

மாநில மொழியைக் கல்லாதவர்க்கு வேலைவாய்ப்பும் அக்கம்பக்கத்தாரோடு கொள்ளும் உறவும் குறையும். இந்நோக்கில் தமிழ்நாடு 2006இலும் கர்நாடகம் 2015இலும் கேரளம் 2017இலும் தத்தம் மொழியைப் பள்ளிகளில் கற்பிக்கச் சட்டம் இயற்றின. மாநில மொழியைக் கற்பது கடமை. தாய்மொழியைக் காப்பது உரிமை. ஒன்றைக் கற்பதற்கு மற்றொன்றை விலையாகக் கேட்காத கல்விமுறையே நீதியுடையது.

தேவிகுளத்துத் தமிழ்க் குழந்தைக்கு நாம் எதனை விரும்புகிறோமோ, அதனையே ஒசூரின் தெலுங்குக் குழந்தைக்கும் வழங்கவேண்டும். தன் மொழியை நேசிப்பவர் பிறர்க்கும் அத்தகைய நேசம் உண்டு என்பதை அறிவர். அவ்வறிவே மொழி உரிமையின் உறுதியான காவல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வழங்கும் தாய்மொழிகளைத் திரட்டி, அவற்றுள் பள்ளியில் கற்பிக்கப்படுபவை எவை எனப் பட்டியலிடுக.
2. 'சட்டத்தில் சமம், வாழ்வில் சமம்' – இவ்விரண்டின் வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் வகுப்பில் கலந்துரையாடுக.