பேலன்ஸ் வந்தாச்சு... ரோட்டுக்கு எப்போ?

மைதானத்தில் விழாமல் மூன்று சுற்று ஓட்டியாகிவிட்டது. ஆனால், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பியதும் கை நடுங்குகிறது. பின்னால் ஹாரன் அடித்தால் கால் தானாகவே தரையைத் தேடுகிறது. வயது வந்த பிறகு சைக்கிள் பழகிய பெண்கள் பலருக்கு வண்டி இந்த இடத்தில்தான் நின்றுபோகும். அப்புறம் அது துணி காயப்போடத்தான்!

இந்தப் பயத்தைக் கூட்டமாகத் தாண்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கிழக்கே, திருச்சி மாவட்டத்தைக் கடந்தால் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் தோள் கொடுத்தார். கூலி வேலைக்குப் போகிறவர்கள், குவாரித் தொழிலாளர்கள், கிராம செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். குழந்தையை உட்காரவைக்க அந்த பார் வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலிக்கும் குறைவில்லை. ஆனாலும் 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் மணியடித்துக்கொண்டு நகருக்குள் ஊர்வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அவர்களுக்குக் கைவந்தது எப்படி? தினமும் ஏதாவது வேலைக்காக ஓட்டினார்கள். தண்ணீர்க் குடம், விற்கிற பொருள், பிள்ளை... பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமும் மிச்சமானது.

நீங்களும் அப்படித் தொடங்கலாம். முதலில் இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்குங்கள். தைரியம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். அடுத்தது, திரும்பிப் பார்ப்பது. புதிதாகப் பழகியவர்கள் தடுமாறுவது இதில்தான். தலை திரும்பினால் தோளும் திரும்பும், ஹேண்டில்பாரும் கூடவே போகும். காலி மைதானத்தில் ஒரு கோடு போட்டு, அதன்மேல் ஓட்டிக்கொண்டே வலது தோளுக்கு மேல் பார்த்துப் பழகுங்கள். பிறகு ஒற்றைக் கையால் ஓட்டி சிக்னல் காட்டலாம். பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் சடாரென்று அழுத்தினால் தலைகுப்புறத்தான். மணல் கிடக்கும் திருப்பத்தில், திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

ரோட்டுக்கு முதலில் ஞாயிறு காலை ஆறு மணி நல்லது. ஆடிக்காற்று அடிக்கும் நாள் வேண்டாம். சேலை என்றால் முந்தானையை இடுப்பில் செருகுங்கள், செயின் கவர் இருக்கிறதா பாருங்கள். காய்கறிப் பையை ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் மாட்டினால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். கேரியரில் வைத்துக் கட்டிவிடுங்கள்.