சக்கிமுக்கிக் கல்லும் சாரல் நாட்டு அடுப்பும்

எஃகில் அடித்துத் தீப்பொறி எழுப்பப் பயன்பட்ட கடினமான கல்லே சக்கிமுக்கிக் கல். அதன் கூரிய விளிம்பு எஃகைச் சீவும்போது தெறிக்கும் நுண்ணிய இரும்புத் துகள்கள், உரசலின் சூட்டில் காற்றுப்பட்டு எரிகின்றன. பொறியாகத் தெரிவது அந்தத் துகள்தான், கல் எரிவதில்லை.

இதற்கும் முந்தியது மரத்தோடு மரம் கடையும் முறை. இடையர்கள் ஞெலிகோலால் தீக்கடைந்ததைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. வேள்விக்கு அரணிக்கட்டை கடையும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

கல்லில் எழும் பொறி நொடியில் அவிந்துவிடும். அதை ஏந்திக் கனலாக்க, நன்கு உலர்ந்த பஞ்சு வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடியினரான பளியர்கள் இலவம்பஞ்சைப் பயன்படுத்தினர். பஞ்சில் கனல் பிடித்ததும், காய்ந்த நாரில் வைத்து ஊதிச் சுடராக்க வேண்டும்.

தென்காசி, குற்றாலம் பகுதியில் இதற்குச் சாரலே தடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும். ஈரமேறிய பஞ்சில் பொறி பிடிக்காது. அதனால் புதிதாகத் தீ மூட்டுவதைவிட, இருக்கும் தீயைக் காப்பதே எளிது. இரவுச் சமையல் முடிந்ததும் அடுப்பின் கங்குகளைச் சாம்பலால் மூடிவைப்பது தமிழகக் கிராமங்களின் பொதுவழக்கமாக இருந்தது. காற்று குறைவாகப் படுவதால் கங்கு விடியும்வரை மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். காலையில் சாம்பலை விலக்கி, தேங்காய் நாரோ வரட்டித் துணுக்கோ வைத்து ஊதுகுழலால் ஊதினால் பற்றிக்கொள்ளும். கங்கு அவிந்துபோன வீட்டார் அடுத்த வீட்டில் நெருப்பு வாங்கி வருவார்கள்.

ஐரோப்பாவில் கல்லால் பொறி எழுப்பித் தீ மூட்டும் வேலைக்குத் துப்பாக்கியின் விசையையே கருவியாக்கினர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் செய்யப்பட்ட இக்கருவிகள் கைத்துப்பாக்கி போலவே இருக்கும். குழல் மட்டும் இராது. விசையை இழுத்ததும், கல் பொருத்திய சுத்தி எஃகுத் தகட்டில் மோதும். பொறிகள் கீழேயுள்ள சிறு பெட்டியில் வைத்த கருக்கிய துணியில் விழும். அந்தக் கனலில் கந்தகம் தோய்த்த குச்சியைப் பற்றவைத்து மெழுகுவத்தி ஏற்றுவர். சிலவற்றில் மெழுகுவத்தி செருகவும் இடமிருந்தது.

1827இல் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் உரசுக் குச்சியை விற்கத் தொடங்கியபின் இக்கருவிகள் மெல்ல மறைந்தன. சிவகாசியின் அய்யநாடாரும் சண்முகநாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். வறண்ட காற்றும் வெயிலும் குச்சி உலர்வதற்கு ஏற்றவை என்பதால் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தொழில் வேரூன்றியது. சாரல் நாட்டு அடுப்புகளுக்கும் பக்கத்துச் சீமையிலிருந்தே தீக்குச்சி கிடைத்தது.

1903இல் ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டறிந்த பொறி உலோகத்தால் உரசிப் பொறி எழுப்பும் முறை லைட்டராகத் திரும்பி வந்தது. மலிவான இறக்குமதி லைட்டர்களால் தீப்பெட்டித் தொழில் நலிந்ததால், 20 ரூபாய்க்குக் குறைந்த விலை லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு 2023இல் தடை விதித்தது. இத்தொழிலில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு தீப்பெட்டி வாங்கும்போது அந்தக் குடும்பங்களின் அடுப்பும் எரிகிறது.